திராட்சை விதையின் முதுகில் இருக்கும் அடையாளம்

பழத்தின் சதை புதைபடிவமாவது அபூர்வம். கல்லாக மாற அவகாசம் கிடைப்பதற்குள் அது அழுகிவிடும். விதையின் கதை வேறு, கட்டை போலக் கெட்டியான அதன் உறை தாக்குப்பிடிக்கும். வெப்பமண்டலக் காடுகளின் பழைய வரலாற்றில் விதைகளுக்குத் தனி மதிப்பு வந்தது இதனால்தான்.

ஒரு திராட்சை விதையை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள், மறுபக்கம் முதுகில் கரண்டி போல ஒரு சின்ன வட்டம். குறுக்கே வெட்டினால், பள்ளங்கள் உள்ளே மடிந்திருப்பதால் ஆங்கில 'எம்' எழுத்து போன்ற வடிவம் தெரியும். திராட்சையும் பிரண்டையும் சேர்ந்த குடும்பத்தின் முத்திரை இது. பூவும் இலையும் கிடைக்காவிட்டாலும் இதை வைத்தே குடும்பத்தைச் சொல்லிவிடலாம்.

இந்தக் குடும்பத்தின் மிகப் பழைய விதைகளில் சில மத்திய இந்தியாவில் கிடைத்தன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா இன்னும் கடலுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருந்த தனித் தீவு. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு விட்டுவிட்டுப் பாய்ந்தது. இரண்டு பாய்ச்சல்களுக்கு நடுவே ஏரிகள் உருவாயின. எரிமலைப் பாறையிலிருந்து கரைந்த சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) அந்த நீரில் இருந்தது. ஏரியில் விழுந்த விதைகளின் செல்களுக்குள் அது புகுந்து இறுகியது. அதனால் செல் சுவர்கள்கூட அப்படியே தெரிகின்றன! முன்பெல்லாம் கல்லை மெலிதாக அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இப்போது சிடி ஸ்கேன் போதும், விதை சேதமாவதில்லை. 2013இல் அப்படி விவரிக்கப்பட்ட ஒரு புதைபடிவ இனத்துக்கு, தொல்தாவரவியலாளர் ஷ்யா சிதலே நினைவாக 'இண்டோவைட்டிஸ் சிதலேயே' என்று பெயர் வைத்தார்கள்.

சரி, அமெரிக்கக் கண்டங்களில்? கொலம்பியாவில் சுமார் 6 கோடி ஆண்டுப் பழைய திராட்சை விதை கிடைத்ததை தொல்தாவரவியலாளர் ஃபேபியானி ஹெரேராவின் குழு 2024இல் அறிவித்தது. மேற்கு அரைக்கோளத்தில் இதுவரை கிடைத்ததில் மிகப் பழையது அது. காலத்தைக் கவனியுங்கள், டைனோசர்கள் அழிந்து வெகுநாள் ஆகவில்லை. அந்த அழிவில் கொலம்பியாவின் தாவர வகைகளில் சுமார் 45 சதவீதம் மறைந்ததை மகரந்தப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. அதற்கு முன் அங்கே பெரணிகளும் ஊசியிலை மரங்களும் பூக்கும் தாவரங்களும் கலந்த, வெயில் நுழையும் காடு. பின்னர் வந்தது, பூக்கும் மரங்கள் ஆளும் அடர்காடு. பெரிய விலங்குகள் மரங்களை முறித்து மிதிக்காததால் காடு அடர்ந்திருக்கலாம், ஏறிப் படர மரங்கள் கிடைத்ததால் கொடிகள் பெருகியிருக்கலாம் என்பது ஹெரேரா குழுவின் ஊகம். எனக்கு இது பொருத்தமாகப் படுகிறது, ஆனால் ஊகம் ஊகம்தான்.

அதைவிட என்னைக் கவர்ந்தது லீயா. திராட்சைக்கு நெருங்கிய இந்தச் செடி இன்று ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம்தான் இயற்கையாக வளர்கிறது. ஆனால் பெருவிலும் பனாமாவிலும் அதன் புதைபடிவ விதைகள் கிடைத்திருக்கின்றன. அங்கே வாழ்ந்து, அப்புறம் பூண்டோடு போய்விட்டது. இன்றைய செடிகளின் டிஎன்ஏவை எவ்வளவு அலசினாலும் இந்தச் சேதி கிடைக்காது, அலசுவதற்கு அங்கே ஒரு லீயாவும் மிச்சமில்லை.