கடல் இல்லாத ஊரில் ஒரு கடற்கரை

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் பேட்டன் ரூஜ் நகரில் கடற்கரை கிடையாது. மிசிசிப்பி ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெண்கள் பீச் வாலிபால் அணி உண்டு. 2014-ல் ஆடத் தொடங்கிய அணி, முதல் சில வருடங்கள் வளாகத்துக்கு வெளியே ஒரு தனியார் கிளப்பின் மணல் களத்தில்தான் ஆடியது. 2019-ல் வளாகத்துக்குள்ளேயே, பழைய டென்னிஸ் அரங்கம் இருந்த இடத்தில், தனக்கென்று ஓர் அரங்கத்தைப் பெற்றது.

டென்னிஸ் தரையைப் பெயர்த்துவிட்டு நாலு லாரி மணல் கொட்ட வேண்டியதுதானே, இதில் என்ன திட்டம், என்ன பொறியியல்? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அதன் அமைப்பைப் பற்றிப் படித்த பிறகு ஒன்று புரிந்தது. பீச் வாலிபால் ஆடுகளம் என்பது மேலே மணல் போட்டு மூடிய ஒரு பெரிய வடிகால். ஆட்டம் நடப்பது அந்த வடிகாலின் மூடிமேல்.

முதலில் நாலு லாரிக் கணக்கைத் தீர்த்துவிடலாம். ஆடுகளத்தின் நீளம் 16 மீட்டர், அகலம் 8 மீட்டர். உள்ளரங்க வாலிபாலின் 18-க்கு 9-ஐ விடச் சிறியது. பந்தைத் துரத்தி ஓடுவதற்குச் சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் மணல் வேண்டும். ஆக 22-க்கு 14, அதாவது 308 சதுர மீட்டர். சர்வதேச விதிப்படி மணலின் ஆழம் குறைந்தது 40 சென்டிமீட்டர். பெருக்கினால் 123 கன மீட்டர், எடையில் கிட்டத்தட்ட 200 டன். 10 டன் ஏற்றும் லாரி என்றால் ஒரு களத்துக்கே 20 நடை.

ஒரு களம் போட்டால் போதாது என்பது அடுத்த சங்கதி. ஒலிம்பிக்கில் இரண்டு பேர் எதிர் இரண்டு பேர், அதோடு முடிந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஓர் அணி என்றால் ஐந்து ஜோடிகள். எதிரணியின் ஐந்து ஜோடிகளுடன் மோதி, மூன்று ஆட்டங்களை வெல்லும் கல்லூரி ஜெயிக்கும். எல்லா ஜோடிகளும் ஒரே நேரத்தில் ஆட ஐந்து களம் தேவை, ஆயிரம் டன் மணல். என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு இந்த ஆட்டத்துக்கு முதல் சாம்பியன்ஷிப் நடத்தியதே 2016-ல்தான். அதனால் பல பல்கலைக்கழகங்கள் இதற்கென்று இடம் தேடத் தொடங்கியது சமீபத்தில்தான்.

சரி, குழி தோண்டுவோம். மணலுக்கு 40 சென்டிமீட்டர், அதன் கீழே ஜல்லிக்கு இன்னும் கொஞ்சம். இரண்டு, இரண்டரை அடியாவது போக வேண்டும். குழியின் அடித்தளத்தைச் சமதளமாக விடுவதில்லை, ஒரு பக்கம் லேசாகச் சரிய விடுகிறார்கள். அதில் ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் குழாய்களைப் பதித்து, மேலே ஜல்லி பரப்பி, அதன்மேல் ஒரு துணியை விரிக்கிறார்கள். ஜியோடெக்ஸ்டைல் என்று பெயர். தண்ணீரை விடும், மணலை விடாது, நம் வீட்டு வடிகட்டி மாதிரி. இந்தத் துணி இல்லாவிட்டால் மணல் கொஞ்சம் கொஞ்சமாக ஜல்லிக்குள் இறங்கி இடுக்குகளை அடைத்துவிடும்.

பேட்டன் ரூஜில் வருடத்துக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை கொட்டும், சென்னையைவிட அதிகம். ஒரு நல்ல மழையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு களத்தில் மட்டும் 15,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. வழியில்லாத குழியில் மணலைக் கொட்டினால் அது குளம்தான்.

வடிகால் இருந்தால் தண்ணீர் எல்லாம் போய்விடுமா? போகாது. இங்கேதான் இயற்பியல் வேலையைக் காட்டுகிறது.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றைத் தண்ணீரில் முக்கி, கிடைமட்டமாகப் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் சொட்டும், பிறகு நின்றுவிடும். இப்போது பிழியாமல், அதையே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் சொட்டும்! ஸ்பாஞ்சின் நுண்துளைகள் தண்ணீரை இழுத்துப் பிடித்திருக்கின்றன, புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. துளைகளால் இத்தனை சென்டிமீட்டர் உயரத்துத் தண்ணீரைத்தான் தாங்க முடியும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. படுத்திருக்கும் ஸ்பாஞ்சின் உயரம் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும், நிமிர்ந்தது அடங்காது. கொடியில் தொங்கும் புடவையின் கீழ் ஓரம் கடைசிவரை ஈரமாகவே இருப்பதிலும் இந்தக் கணக்குக்குப் பங்கு உண்டு.

மணலும் ஸ்பாஞ்ச்தான். அதன் துளைகள் சிறியவை, கீழே இருக்கும் ஜல்லியின் இடைவெளிகள் மிகப் பெரியவை. மணலில் இருக்கும் நீருக்கு ஜல்லிக்குள் இறங்க மனசு வராது. மணலின் அடிப்பகுதியில் ஒரு பட்டையாகத் தொங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஈரப் பட்டை எவ்வளவு தடிமன் என்பதை மணல் துகளின் அளவு தீர்மானிக்கிறது. துகள் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை இருந்தால், பட்டை தோராயமாக 10 முதல் 15 சென்டிமீட்டர். 40 சென்டிமீட்டர் மணலில் அடியில் ஈரம் இருந்தாலும் மேலே ஒரு அடி அளவுக்கு வடிந்துவிடும். துகள் 0.15 மில்லிமீட்டர் என்று மாவு போல இருந்தால் அதே கணக்கு அரை மீட்டரைத் தாண்டும். அதாவது 40 சென்டிமீட்டரும் நனைந்தே கிடக்கும். எவ்வளவு நல்ல குழாய் பதித்தாலும் பிரயோசனம் இல்லை.

40 சென்டிமீட்டர் என்பது காலுக்கு மெத்தை வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படும் அளவு. அது மட்டும் காரணமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. செலவை மிச்சம் பிடிக்க 20 சென்டிமீட்டரோடு நிறுத்தினால், மேலே ஐந்தாறு விரற்கடைக்கு உதிரி மணல், அதற்குக் கீழே முழுக்க ஈர மணல் என்று ஆகிவிடும்.

ஈர மணல் இருந்தால் என்ன? மணல் வீடு கட்டிய எல்லாருக்கும் விடை தெரியும். துகள்களுக்கு நடுவே சிறு நீர்ப் பாலங்கள் உருவாகி அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கின்றன. காய்ந்த மணலில் நிற்காத சுவர் ஈர மணலில் நிற்கும். சுவருக்கு நல்லது. மேலே எழும்பிப் பந்தை அடித்துவிட்டுக் கீழே வந்து விழுகிறவரின் முழங்காலுக்கு நல்லதில்லை.

இனி மணலைத் தேர்ந்தெடுப்பது. ஒரு பாத்திரம் நிறையக் கொண்டைக்கடலை போடுங்கள், நடுவே நிறைய இடைவெளி இருக்கும். அதில் கடுகைத் தூவிக் குலுக்கினால் இடுக்கெல்லாம் நிரம்பி, விரலைக்கூட உள்ளே விட முடியாது. மணலும் அப்படித்தான். பெரியதும் சிறியதும் கலந்து கிடந்தால் சிறிய துகள்கள் இடுக்கில் புகுந்து இறுகிப்போகும். கட்டிடக் கான்கிரீட்டுக்கு அதுதான் வேண்டும், ஆட்டக்காரருக்கு அது எமன். ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு குலுக்கினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் காலியாகவே இருக்கும். அந்தக் காலி இடம்தான் தண்ணீருக்கு வழி, காலுக்கு மென்மை. அதனால் சல்லடையில் சலித்து, ஒரே ரகமாக எடுத்து, கழுவிப் பயன்படுத்துகிறார்கள்.

கழுவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நல்ல ஆடுகள மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம். அதன் மிக நுண்ணிய தூசி நாள்பட நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ் வரும். கல் உடைக்கும் தொழிலாளிகளை வாட்டும் அதே நோய். துகள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கும்வரை ஆபத்து இல்லை, தூசிதான் பிரச்சினை. சுண்ணாம்பு கலந்த மணலையும் ஒதுக்குகிறார்கள். சுண்ணாம்பு மழையில் மெல்லக் கரைந்து, காயும்போது துகள்களை ஒட்டிக் கட்டியாக்கிவிடும். கிளிஞ்சல் கிடக்கும் கடற்கரை மணலுக்கும் இதே குறைதான், கூடவே உப்பும் வரும். பீச் வாலிபாலுக்குப் பீச் மணல் தோதில்லை என்பது வேடிக்கைதான். லண்டன் 2012 ஒலிம்பிக்குக்கே கடற்கரையை விட்டுவிட்டு, சர்ரே மாவட்டத்து மணல் குவாரியிலிருந்துதான் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட மணலில் ஓடுவது லேசா? இல்லவே இல்லை. 1998-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். கெட்டித் தரையைவிட மணலில் ஓடுவதற்கு 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது. நடப்பதற்கோ 2.1 முதல் 2.7 மடங்கு! மெரினாவில் சாலையிலிருந்து தண்ணீர்வரை போவதற்குள் மூச்சு வாங்குவது வயசின் கோளாறு இல்லை. கால் அழுத்தும்போது துகள்கள் நகர்கின்றன, அவற்றை நகர்த்துவதற்கே நம் ஆற்றலில் ஒரு பங்கு போகிறது. தசையும் தசைநாரும் கெட்டித் தரையில் வேலை செய்யும் திறமையோடு இங்கே வேலை செய்வதில்லை. எழும்பும் உயரமும் குறையும். ஆனால் வலையின் உயரம் மாறவில்லை: பெண்களுக்கு 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43 மீட்டர், உள்ளரங்கில் இருப்பதேதான். பாவம் ஆட்டக்காரர்கள்.

அடுத்தது வெயில். காய்ந்த மணலில் துகள்கள் ஒன்றையொன்று தொடுவது ஊசிமுனை அளவு இடத்தில்தான், மீதியெல்லாம் காற்று. அதனால் வெப்பம் கீழே இறங்காமல் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. நண்பகலில் மேலே கால் வைக்க முடியாது, ஒரு சாண் தோண்டினால் குளுகுளுவென்று இருக்கும். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வந்த வீராங்கனைகள் பயிற்சியின்போது கால் சுடுகிறது என்று சொல்ல, பணியாளர்கள் குழாயால் தண்ணீர் அடித்து மணலைக் குளிரவைத்தார்கள். தண்ணீரை விரட்ட இவ்வளவு குழாய் பதித்துவிட்டு, மேலிருந்து தண்ணீர் தெளிக்கவும் குழாய் போட வேண்டியிருக்கிறது! சீக்கிரம் வடியும் மணல் சீக்கிரம் காயும், சீக்கிரம் சுடும். இரண்டில் ஒன்றை மட்டும் வாங்க முடியாது.

களத்தை வடக்கு தெற்காக அமைப்பதும் வெயிலை நினைத்துத்தான். கிழக்கு மேற்காக வைத்தால் மாலையில் ஒரு பக்கத்து ஜோடி முழு ஆட்டமும் சூரியனைப் பார்த்துக்கொண்டே பந்தைத் தேட வேண்டியிருக்கும். எல்லைக்கோட்டை சுண்ணாம்பால் போட முடியாது என்பதால் நாடா கட்டுகிறார்கள்.

கட்டி முடித்த பிறகும் மணல் சும்மா கிடக்காது. ஆட ஆட நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, களம் மெல்ல மெல்ல ஒரு தட்டு மாதிரி குழியும். இழுத்துச் சமன் செய்துகொண்டே இருக்க வேண்டும். இலை தழை மக்கி நுண்ணிய மண்ணாகி இடுக்குகளை அடைக்கும், ஆகவே பக்கத்தில் மரம் வைக்கும்போது யோசிக்க வேண்டும். அப்புறம் பூனைகள். ஒரே அளவில் சலித்த, உலர்ந்த, சுத்தமான மணல் என்றால் பூனைக்கு அது வேறொன்று. ஆட்டம் இல்லாத நேரத்தில் களத்தைத் தார்ப்பாய் போட்டு மூடுவதற்கு மழை ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம்.

ஆடி முடித்தவர்கள் காலில் ஒட்டிய மணலோடு விடுதிக்கும் வகுப்புக்கும் போவார்கள். அதனால் களத்து ஓரத்தில் கால் கழுவும் குழாய் ஒன்று வேண்டும். அதன் தண்ணீரை நேராகச் சாக்கடையில் விட்டால் மணல் அடைத்துக்கொள்ளும். நடுவே ஒரு சிறு தொட்டி வைக்கிறார்கள். மணல் அடியில் தங்க, தண்ணீர் மட்டும் மேலாக வழிந்து போகிறது. அவ்வப்போது யாராவது அந்தத் தொட்டியைத் திறந்து, சேர்ந்த மணலை வாரி எடுக்க வேண்டும்.