கையேட்டில் ‘கேரக்டர் செட்’ என்றால் எதைச் சொல்கிறார்கள்?

டேட்டாபேஸ் கையேடுகளில் ‘கேரக்டர் செட்’ என்று வரும் இடங்களில் பெரும்பாலும் என்கோடிங்கைத்தான் சொல்கிறார்கள். உண்மையில் எந்தெந்த எழுத்துகள் உண்டு, எதற்கு என்ன எண் என்ற பட்டியல்தான் கேரக்டர் செட். யூனிகோட் பட்டியலில் ‘க’வின் எண் 2965. அந்த எண்ணை எந்த பைட்டுகளாக எழுதுவது என்பது என்கோடிங். யூடிஎஃப்-8இல் 224, 174, 149 என்று மூன்று பைட். யூடிஎஃப்-16இல் இரண்டே பைட்.

ஓர் எழுத்துக்கு ஒரே பைட் என்ற பழைய லத்தீன்-1 காலத்தில் எண்ணே பைட்டாகவும் இருந்ததால் யாரும் பிரித்துப் பேசவில்லை. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எச்டிஎம்எல் ‘சார்செட்’ (கேரக்டர் செட்டின் சுருக்கம்) என்று கேட்கிறது, எக்ஸ்எம்எல் ‘என்கோடிங்’ என்று கேட்கிறது. இரண்டுக்கும் பதில் யூடிஎஃப்-8தான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கையேட்டில் பகுதித் தலைப்பு ‘கேரக்டர் செட்’, கட்டளையில் எழுதும் சொல் ‘என்கோடிங்’.

பெயரை நம்பினால் மாட்டிக்கொள்ளும் இடம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். அதன் பழைய ‘யூடிஎஃப்8’ ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. வழக்கமான தமிழ் எழுத்துகள் மூன்றுக்குள் அடங்கிவிடுவதால் ஆண்டுக்கணக்கில் எதுவும் தெரியாது. ஒரு எமோஜியோ, 2019இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி (1/320) போன்ற தமிழ்ப் பின்னக் குறியோ வந்தால் நான்கு பைட் வேண்டும், 1366 பிழை. கண்டிப்பு முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) அணைந்திருந்தால் இன்னும் மோசம்: அந்த இடத்தோடு உரை வெட்டப்படலாம், அல்லது அந்த எழுத்து கேள்விக்குறியாகலாம், எச்சரிக்கையோடு சரி. வேண்டியது ‘யூடிஎஃப்8எம்பி4’. ஆரக்கிள் டேட்டாபேஸிலும் ‘யூடிஎஃப்8’ முறையான யூடிஎஃப்-8 அல்ல; ‘ஏஎல்32யூடிஎஃப்8’தான்.

அடுத்து நீளம். ‘தமிழ்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறி (த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி), யூடிஎஃப்-8இல் 15 பைட். பத்தின் அளவு உள்ள உரைக்கு மைஎஸ்க்யூஎல்லில் எழுதும் வார்கேர்(10) குறிகளை எண்ணும், இடம் போதும். ஆரக்கிளின் வார்கேர்2(10) இயல்பாக பைட்டை எண்ணும். 12899 பிழை வரும். அங்கே 10க்குப் பின் ‘கேர்’ என்று சேர்த்து எழுத வேண்டும்.

இவற்றைவிடத் தொல்லை மைஎஸ்க்யூஎல்லில் வரும் இரட்டை என்கோடிங். செயலி யூடிஎஃப்-8 பைட்டுகளை அனுப்புகிறது, இணைப்போ லத்தீன்1 என்று அறிவித்திருக்கிறது. சர்வர் ‘க’வின் மூன்று பைட்டையும் மூன்று தனி எழுத்துகளாக எடுத்து, டேபிளின் யூடிஎஃப்8எம்பி4 பத்தியில் 195, 160, 194, 174, 226, 128, 162 என ஏழு பைட்டாகச் சேமிக்கும். அதே தவறான இணைப்பில் படித்தால் திரும்ப மாறி ‘க’ என்றே தெரியும். ரிப்போர்ட் கருவி சரியான இணைப்பில் வந்து படிக்கும் நாளில்தான் குப்பை வெளியே வரும். கண்டுபிடிக்க லென்த்() போதும்: ‘க’வுக்கு 3 வர வேண்டும், 7 வந்தால் இதுதான்.

டேபிளை ‘கன்வர்ட் டு’ போட்டு மாற்றினால் இது சரியாகாது. அது தவறான எழுத்துகளையே ஒழுங்காக மாற்றித் தரும். பத்தியில் உள்ள மதிப்பை முதலில் லத்தீன்1க்கு மாற்றி, அதை பைனரியாக்கி, பிறகு யூடிஎஃப்8எம்பி4 என்று வாசிக்கச் சொல்ல வேண்டும். பேக்கப் எடுத்துவிட்டு, கெட்ட வரிகளுக்கு மட்டும். சரியாக இருந்த வரிகளில் ஓட்டினால் அவை கேள்விக்குறிகளாகிவிடும்.