பிரசவ பயம் கருப்பையில் என்ன செய்கிறது?

கர்ப்பிணியிடம் ‘பயப்படாதே’ என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. சொன்னதால் பயம் தெளிந்த கர்ப்பிணியும் அநேகமாகக் கிடையாது. பயம் மனத்தோடு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. அது கருப்பைத் தசைவரை போய் வேலை செய்கிறது.

பிரசவ வலியின்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை விட்டுவிட்டு வெளியிடுகிறது. கருப்பை சுருங்கிச் சுருங்கி, அதன் வாய் மெல்ல விரிகிறது. கடும் பயம் வந்தாலோ, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. கருப்பைத் தசையில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்களான பீட்டா-2 ஏற்பிகளில் அட்ரினலின் ஒட்டினால் தசை தளரும். ஆஸ்துமா மருந்தான டெர்பியூட்டலின் தூண்டுவதும் இதே ஏற்பியைத்தான். குறைமாதத்தில் வலி கண்டால், அதைத் தள்ளிப்போட மருத்துவர்கள் அந்த மருந்தைக் கொடுப்பதுண்டு. வலி வேண்டாத நேரத்தில் மருந்து செய்யும் வேலையை, வேண்டிய நேரத்தில் பயம் செய்கிறது.

பயத்தை அளக்க ஸ்வீடனில் வைமா தம்பதியர் என்ற ஆய்வாளர்கள் 1998-இல் 33 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். மொத்தம் 165 மதிப்பெண். 85-ஐத் தொட்டால் கடும் பயம். வலியைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். தனியாக விடப்படுவோமோ, நம் உடல் நம் பேச்சைக் கேட்காமல் போகுமோ, குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்றும் அது துருவுகிறது.

நார்வேயில் ஆஸ்லோவுக்கு அருகே 2,206 பெண்களிடம் இந்தப் படிவத்தைக் கொடுத்தார்கள். 2012-இல் முடிவு வெளிவந்தது: பயந்தவர்களுக்குப் பிரசவம் சராசரியாக 8 மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறரை மணி நேரம். தலைப்பிரசவமா, வலி மரப்பு ஊசி போட்டார்களா என்பன போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் 47 நிமிட வித்தியாசம் மிஞ்சியது. பயந்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்குச் சுகப்பிரசவம்தான். இந்தச் செய்தியைத்தான் முதலில் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை.

முந்தைய பிரசவத்தில் பட்ட பாடு, ஏற்கெனவே இருக்கும் பதற்றம், மனச்சோர்வு ஆகியவை பயத்தை வளர்க்கும். இவற்றுக்குக் கர்ப்ப காலத்திலேயே மனநல ஆலோசனை தேவை. பிரசவ அறையில் உதவுவது துணை. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட 26 ஆய்வுகளை 2017-இல் தொகுத்துப் பார்த்தபோது, இடைவிடாமல் ஒருவர் உடனிருந்த பெண்களுக்குப் பிரசவ நேரமும் சிசேரியனும் குறைந்திருந்தன.

இந்திய அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிவகுத்தது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுக்காரப் பெண்ணாக இருக்க வேண்டும். மறைவுக்கு வசதியுள்ள இடங்களில் கணவரும் வரலாம். பிரசவம் முடியும்வரை துணைக்கு வந்தவர் நகரக் கூடாது, பக்கத்துக் கட்டில் பெண்ணைக் கவனிக்கப் போகவும் கூடாது.