ஏச்சுப்பேச்சு எப்படி உடல்வலி ஆகிறது?

"ராத்திரி பூரா அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது டாக்டர்." எழுபது வயதைத் தாண்டியவர்கள் இதைச் சொல்லாத புறநோயாளிப் பிரிவு தமிழ்நாட்டில் எங்கும் இருக்காது. முட்டிக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். தேய்மானம் தெரியும். பாராசிட்டமால், கால்சியம் மாத்திரை, மேலே தடவ ஒரு களிம்பு. ஒரு மாதம் கழித்து அதே ஆள் அதே வலியோடு வந்து நிற்பார். கூட வந்த மகன், "வயசாச்சுல்ல, இப்படித்தான் சொல்லிக்கிட்டே இருப்பாங்க" என்பார்.

தேய்மானம் உண்மைதான். ஆனால் எக்ஸ்ரேயில் ஒரே அளவு தேய்மானம் உள்ள இரண்டு பேரில் ஒருவர் கோயில் படி ஏறி இறங்குவார். இன்னொருவரால் கட்டிலை விட்டே இறங்க முடியாது. இந்த வித்தியாசத்துக்கு உடல் எடை, தசை வலு, நீரிழிவு என்று பல காரணங்கள் உண்டு. அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் இருக்கிறது: வீட்டுக்குள் அவரை எப்படி நடத்துகிறார்கள் என்பது.

முதியோர் கொடுமை என்றதும் அடி உதைதான் நம் நினைவுக்கு வருகிறது. கணக்கு வேறு மாதிரி. 2017ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான பகுப்பாய்வு ஒன்று 28 நாடுகளில் நடந்த 52 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர், அதற்கு முந்தைய ஓராண்டில் ஏதோ ஒரு கொடுமைக்கு ஆளாகியிருந்தார். மனத்தைப் புண்படுத்துவதுதான் முதலிடத்தில், 11.6 சதவீதம். பணத்தையும் சொத்தையும் சுரண்டுவது 6.8, கவனிக்காமல் விடுவது 4.2. அடிப்பது வெறும் 2.6. இந்திய அரசின் நீண்டகால முதுமை ஆய்வில் (2017-18) சுமார் 5 சதவீதம் பேர்தான் மோசமாக நடத்தப்பட்டதாகச் சொன்னார்கள். அந்த எண்ணை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை. கணக்கெடுக்க வந்தவரிடம், அதுவும் வீட்டில் ஆள் இருக்கும்போது, பெற்ற பிள்ளையை எத்தனை தாய்மார் விட்டுக்கொடுத்துப் பேசுவார்கள்?

ஆக, கொடுமையில் பெரும்பங்கு தோலில் தழும்பே விடாதது. அப்படியானால் அது உடலை எப்படி நோகவைக்கிறது?

முட்டியில் கோளாறு இருந்தால் அங்குள்ள நரம்பு முனைகள் அனுப்புவது ஓர் எச்சரிக்கைச் செய்திதான்; அது இன்னும் வலி ஆகவில்லை. செய்தி முதலில் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கே ஒரு கதவு இருப்பதுபோல் நினைத்துக்கொள்ளலாம் என்று வலியை ஆராய்ந்த ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துவிடுகிறோமே, அப்போது தொடுவுணர்வு நரம்புகள் அந்தக் கதவை ஒருக்களிக்கின்றன. வலி கொஞ்சம் அடங்குகிறது. அவர்கள் தந்த விளக்கத்தின் நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டன. ஆனால் கதவின் கட்டுப்பாடு மேலே மூளையிலும் இருக்கிறது என்ற கருத்து நிலைத்துவிட்டது. நடுமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பு வழி ஒன்று உண்டு. உடலே தயாரிக்கும் ஓபியம் போன்ற பொருள்களைக் கொண்டு அது வலிச் செய்தியை மட்டுப்படுத்தும். அதே வழி தேவைப்பட்டால் வலியைக் கூட்டியும் விடும். எதைச் செய்வது என்று முடிவெடுப்பதில், அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம். திடீர்ப் பயம் வலியை மறைக்கும். பாம்பைக் கண்டு ஓடுபவருக்குக் காலில் முள் குத்தியது தெரியாது. ஆனால் எப்போது என்ன நடக்குமோ என்று காத்திருக்கும் பயம் நேர் எதிராக வேலை செய்கிறது. அது வலியைக் கூட்டுகிறது. வாசலில் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. மகன் குடித்திருக்கிறானா இல்லையா என்பதை ஸ்டாண்டு போடும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்தே அவர் தோள் இறுகிக் கிடக்கிறது, காது வாசலில் இருக்கிறது. இது ஒருநாள் கதை இல்லை, வருடக்கணக்காக நடப்பது. அந்த உடலில் கதவு திறந்தபடியே கிடக்கும்.

தண்டுவடத்து நரம்பணுக்களும் மாறுகின்றன. தொடர்ந்து வரும் வலிச் செய்தி அவற்றின் தூண்டுணர்ச்சியைக் கூட்டிவிடுகிறது என்று நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் உல்ஃப் 1983ல் 'நேச்சர்' இதழில் காட்டினார். அந்த நிலைக்குப் போனபின் லேசாகத் தொட்டாலே வலிக்கும். ஓரிடத்து வலி பக்கத்துக்கும் பரவும். வயது ஏற ஏற, மேலிருந்து வலியை அடக்கும் திறன் இயல்பாகவே குறைகிறது. "எங்கே வலிக்குதுன்னே சொல்லத் தெரியல, உடம்பு பூரா வலிக்குது" என்பது பல நேரம் மழுப்பல் இல்லை, உள்ளே நடப்பதன் நேரான விவரணை.

நரம்பு ஒரு வழி. ரத்தம் இன்னொரு வழி. மன அழுத்தம் நீடித்தால் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் சுரப்பின் ஒழுங்கு குலைகிறது, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் கூடுகின்றன. அழற்சி இருக்கும் திசுவில் நரம்பு முனைகள் சின்னத் தூண்டலுக்கும் அலறும். அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 1995ல் செய்த ஆய்வு இதை எளிமையாகக் காட்டியது. மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்கள், அதே வயதில் அந்தச் சுமை இல்லாத 13 பெண்கள். எல்லோருடைய முன்கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே மாதிரி சின்னக் காயம் உண்டாக்கி, ஆறும்வரை கவனித்தார்கள். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது. பராமரிப்புச் சுமை உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 49 நாள் ஆனது. அதே குழு 2005ல் தம்பதிகளிடம் பார்த்தபோது, ஒருவரையொருவர் கடிந்து பேசும் தம்பதிகளின் காயம், மற்றவர்களுடையதில் 60 சதவீத வேகத்தில்தான் ஆறியது. பேச்சுக்கும் புண்ணுக்கும் நடுவே இவ்வளவு நேரான தொடர்பு இருப்பது இன்னமும் என்னை உலுக்குகிறது.

இதற்கிடையில் தூக்கம் கெடுகிறது. ஒரு இரவு சரியாகத் தூங்காவிட்டாலே மறுநாள் வலி தாங்கும் அளவு குறையும். வலியால் தூக்கம் போகும், தூக்கம் போனதால் வலி கூடும்.

"ஒதுக்கிவைக்கப்படும் வேதனையும் உடல்வலியும் மூளையில் ஒன்றே" என்று சில கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். கணினியில் பந்து வீசி விளையாடும்போது ஒருவருக்கு மட்டும் பந்து தராமல் விட்டு, மூளையை ஸ்கேன் செய்த 2003ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வந்த கருத்து அது. வலியோடு தொடர்புடைய ஒரு பகுதி அப்போதும் கிளர்ச்சியடைந்தது. பிற்பாடு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தவர்கள், இரண்டும் ஒரே பகுதியைப் பயன்படுத்தினாலும் அங்குள்ள கிளர்ச்சிக் கோலங்கள் வேறு என்று கண்டார்கள். எனவே "ஒன்றே" என்பது மிகை. நெருங்கிய சொந்தம் என்று சொல்லலாம்.

சரி, கவனிக்காமல் விடுவதற்கு வருவோம். அது வலியை உண்டாக்க மூளையைச் சுற்றி வரவே வேண்டாம். தண்ணீர்ச் சொம்பைக் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். முதுமையில் தாக உணர்வே குறைவு. போதாக்குறைக்கு, குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், யாரையாவது கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் ஏச்சு விழும். அதனால் அவரே குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அடிவயிற்று வலி எல்லாம் பின்னாலேயே வருகின்றன. படுக்கையில் கிடப்பவரை வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் சொல்வார்கள். அது நடக்காவிட்டால் இடுப்பு, குதிகால் எலும்புகள் அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று படுக்கைப் புண் வருகிறது. நடக்கவிடாமல் ஒரே இடத்தில் உட்காரவைத்தாலும் கேடுதான். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துச் செய்த ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. தசை போனால் மூட்டின் மேல் பாரம் ஏறும். பென்ஷன் பணம் வேறு கைக்குப் போய்விட்ட வீட்டில் சர்க்கரை மாத்திரை பாதி மாதத்தோடு நின்றுவிடும். அப்புறம் பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது.

இந்தப் பாதை எதிர்த்திசையிலும் ஓடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தீராத வலி ஒருவரை மற்றவரைச் சார்ந்திருக்க வைக்கிறது. ராத்திரி மூன்று முறை எழுப்பப்படும் மருமகளோ மகளோ ஓய்ந்துபோகிறார். வைவது அங்கேதான் பல வீடுகளில் தொடங்குகிறது. கொடுமையும் வலியும் சேர்ந்தே காணப்படுவதாகச் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டறிந்தவை. எது முன்னால், எது பின்னால் என்பதை அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

மறதிநோய் இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. குளிப்பாட்டக் கையைத் தூக்கும்போது தோள்பட்டை சுரீரென்கிறது. வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை வரவில்லை. கத்துகிறார், தண்ணீர் ஊற்றும் கையைத் தட்டிவிடுகிறார். பார்த்துக்கொள்பவர் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்திப் பிடிக்கிறார். இவர்களுக்காகவே 2003ல் 'பெய்னாட்' என்ற அளவுகோல் வந்தது. மூச்சு, முனகல், முகம், உடலசைவு, சமாதானப்படுத்தினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். பயிற்சி பெற்ற நர்ஸுக்குச் சில நிமிட வேலை. குளிப்பதற்கு முக்கால் மணி முன்பு, மருத்துவர் சொன்ன வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டால் அந்தச் சண்டையே நடக்காமல் போகக்கூடும்.

கன்றிப்போன இடங்களைப் பற்றியும் ஒரு பயனுள்ள தகவல் உண்டு. அமெரிக்க மருத்துவர் லாரா மொஸ்கெடா குழு 101 முதியவர்களைத் தினமும், ஆறு வாரம் வரை பார்த்து, அவர்கள் உடலில் தானாக வரும் கன்றல்களைக் குறித்துவைத்தது. பத்தில் ஒன்பது கை கால்களில்தான் வந்தன. கழுத்தில், காதில், பிட்டத்தில், உள்ளங்காலில் ஒன்றுகூட இல்லை. நிறத்தை வைத்து இது எத்தனை நாள் கன்றல் என்று சொல்வதும் பலிக்கவில்லை. பிறரிடம் அடி வாங்கிய முதியவர்களிடம் 2009ல் பார்த்தபோது கன்றல்கள் பெரிதாக, பலவும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தன. முகத்திலும் முதுகிலும் கூடுதலாகத் தெரிந்தன. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குச் சும்மாவே கன்றும் என்பது சரிதான். ஆனால் காதுக்குப் பின்னால் கன்றியிருந்தால் "கீழே விழுந்துட்டாங்க" என்ற பதிலோடு விட்டுவிடக் கூடாது.

மருத்துவர் செய்யக்கூடியது ஒன்று மிகச் சுலபம். ரத்த அழுத்தம் பார்க்கும் சாக்கில் கூட வந்தவரை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "வீட்டில் யாராவது உங்களைத் திட்டுகிறார்களா, பயமாக இருக்கிறதா, சாப்பாடு மாத்திரை எல்லாம் நேரத்துக்குக் கிடைக்கிறதா?" என்று கேட்பது. பதில் உடனே வராது. இரண்டாவது, மூன்றாவது தடவை வரும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. கட்டணம் இல்லை, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம், அக்கம்பக்கத்தாரும் அழைக்கலாம். கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிவைத்து ஏமாந்தவர்கள், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். மனு கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகும். வலிக்கு எழுதிக்கொடுக்கும் சீட்டிலேயே அந்த 14567 எண்ணையும் மருத்துவர் எழுதிக்கொடுக்கலாம். ஆனால் அந்தச் சீட்டு வீட்டில் யார் கையில் இருக்கும் என்பதை யோசித்துவிட்டு எழுத வேண்டும்.