கியூட்டேனியஸ் மெட்டாஸ்டாசிஸ்: சொல் விளக்கம்

பெருங்குடல் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட சிலருக்குப் பின்னாளில் தோலில் கட்டி தோன்றும். அதை எடுத்துச் சோதித்த அறிக்கையில் வரும் சொல் இது. ‘கியூட்டேனியஸ்’ எளிது. தோலைக் குறிக்கும் ‘கியூட்டிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சிக்கல் எல்லாம் அடுத்த சொல்லில்தான்.

‘மெட்டாஸ்டாசிஸ்’ கிரேக்கம். ‘மெட்டா’ மாறுதலையும் ‘ஸ்டாசிஸ்’ நிற்றலையும் குறிக்கும்; சேர்ந்தால் இடமாற்றம். புற்றுநோய்க்கு இதைப் பொருத்தியவர் பிரெஞ்சு மருத்துவர் ரெகாமியே, 1829இல். ஆனால் புற்று வீடு காலி செய்துகொண்டு போவதில்லை. முதல் கட்டி இருந்த இடத்திலேயே இருக்க, அதிலிருந்து பிரிந்த செல்கள் இரத்தம், நிணநீர் வழியே போய் வேறிடத்திலும் வளர்கின்றன. அதனால் ‘இடம்பெயர்வு’ என்ற நேர்ப்பெயர்ப்பு பொருந்தாது.

நம் மருத்துவமனைகளில் புழங்குவது ‘செகண்டரி’. இதை ‘இரண்டாம்நிலைப் புற்று’ என்று எழுதுவது ஆபத்து. படிக்கிறவர் ‘ஸ்டேஜ் 2’ என்று நினைத்து ஆறுதல் அடைந்துவிடுவார். குடலிலிருந்து தோல்வரை வந்த புற்று, நிலைக் கணக்கில் நான்காவது. ‘மாற்றிடம் புகல்’ என்றும் எழுதுகிறார்கள். துல்லியம்தான், ஆனால் வாயில் வராது. மிஞ்சுவது ‘பரவல்’. தொற்றுநோய் நினைவு வரும் என்ற குறை அதற்கு உண்டு. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும்.

சரி, முழுத் தொடருக்கு என்ன சொல்வது? ‘தோல் புற்று’ என்றால் பெருந்தவறு; அது தோலிலேயே தொடங்கும் வேறு நோய். ‘தோலுக்குப் பரவிய பெருங்குடல் புற்று’ என்பதே என் தேர்வு. நீளம்தான், ஆனாலும் தமிழில் தலைச்சொல், அதாவது தொடரின் முதன்மைச் சொல், கடைசியில் நிற்பதால் நோய் எதுவென்பது தெளிவாக விழுகிறது.

இந்தத் தெளிவு நோயறிதலுக்கே தேவை. பெருங்குடல் புற்று தோலுக்கு வருவது அரிது. வந்தால் பெரும்பாலும் வயிற்றுத் தோலில், அதுவும் அறுவைத் தழும்பின் மேலோ பக்கத்திலோ. தொப்புளிலும் வரலாம். வயிற்றுக்குள் இருக்கும் புற்று தொப்புளில் கட்டியாகத் தெரிந்தால் அதற்குத் தனிப்பெயரே உண்டு: ‘சிஸ்டர் மேரி ஜோசப் முடிச்சு’. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் டாக்டர் வில்லியம் மேயோவுக்கு அறுவையில் துணைநின்ற கன்னியாஸ்திரி அவர். அறுவைக்கு முன் தோலைத் துடைக்கும்போது இந்தக் கட்டியைக் கவனித்து மேயோவிடம் சொன்னவர். 1949இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஹாமில்டன் பெய்லி அவர் பெயரையே இதற்குச் சூட்டினார்.

பார்வைக்கு இது கொழுப்புக்கட்டி, சீழ்க்கட்டி, தையல் நூலைச் சுற்றிய தடிப்பு எதைப்போலவும் இருக்கும். பெரும்பாலும் வலி இராது, கெட்டியாக இருக்கும். கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாததால் பயாப்ஸி, அதாவது திசு ஆய்வு, கட்டாயம். நுண்ணோக்கியில் தோலுக்குச் சொந்தமில்லாத, குடல் சுரப்பி போன்ற அமைப்புகள் தெரியும். அப்புறம் ஐ.எச்.சி. சோதனை, அதாவது செல்களில் எந்தெந்தப் புரதங்கள் இருக்கின்றன என்று சாயமேற்றிப் பார்ப்பது. சி.கே.20, சி.டி.எக்ஸ்.2 என்ற புரதங்கள் இரண்டும் இருந்து, சி.கே.7 என்ற புரதம் இல்லாவிட்டால் பெரும்பாலும் மூலம் பெருங்குடல்தான். வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி தோலில் இருந்தாலும், கொடுக்கப்படுவது குடல் புற்றுக்கான மருந்துதான்.