சதா சகாய மாதா

கத்தோலிக்கர் இயேசுவின் தாய் மரியாவை அழைக்கும் பெயர்களில் ஒன்று 'சதா சகாய மாதா'. சதா, சகாயம், மாதா: மூன்றுமே வடமொழியிலிருந்து வந்த சொற்கள். 'சதா' என்றால் எப்போதும். இன்று பேச்சில் அது பெரும்பாலும் குறை சொல்லத்தான் வருகிறது: 'சதா செல்போன்தான்!' 'சகாயம்' என்பதற்கு வேர்ப்பொருள் கூடவே செல்வது, அதிலிருந்து உதவி. கடைத்தெருவில் அது 'சகாய விலை' ஆகிவிட்டது.

இந்தப் பெயரின் மூலம் லத்தீன். அதில் உதவியைக் குறிக்கும் சொல் 'சுக்கூர்சுஸ்'. ஓடுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது, ஓடிவந்து தாங்குவது என்று பொருள். 'பெர்பெத்துவுஸ்' என்பது இடையில் அறுபடாதது. ஆகவே பிற்காலத்தில் வழக்குக்கு வந்த 'இடைவிடா சகாய அன்னை' லத்தீனுக்கு இன்னும் நெருக்கமானது.

ஆனால் ரோமில் இந்தப் பெயரால் வணங்கப்படும் மூலப் படத்தைப் பார்த்தால் இந்தப் பெயர் உடனே நினைவுக்கு வராது. வால்நட் மரப்பலகையில், பொன்னிறப் பின்னணியில், கிரேத்தா (கிரீட்) தீவின் ஓவிய மரபில் தீட்டிய படம் அது. உயரம் ஏறக்குறைய 54 செ.மீ.தான். ஒரு பக்கம் வானதூதர் மிக்கேல் ஈட்டியும் கடற்பஞ்சும் காடிக் கலமும் ஏந்தியிருக்கிறார். மறுபக்கம் கபிரியேல் சிலுவையும் ஆணிகளும். குழந்தை இயேசு திரும்பிப் பார்த்து, தாயின் கையை இரு கைகளாலும் பற்றிக்கொள்கிறார். ஒரு காலில் செருப்பு கழன்று வாரில் தொங்குகிறது. தாயோ குழந்தையைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். கீழைத் திருச்சபையில் இந்த வகைப் படத்துக்குப் பெயர் 'பாடுகளின் அன்னை'. பாடுகள் என்றால் இயேசு சிலுவையில் பட்ட துன்பங்கள், தூதர்கள் ஏந்தியிருப்பவை அவற்றின் கருவிகள். மேலே உள்ள கிரேக்க எழுத்துகளும் 'கடவுளின் தாய்' என்றே சொல்கின்றன. சகாயம் என்ற சொல்லே அங்கு இல்லை.

பெயர் வந்தது ரோமில், ஒரு கதை வழியாக. வணிகர் ஒருவர் கிரேத்தாவின் ஆலயத்திலிருந்து படத்தைத் திருடிக் கப்பல் ஏறினாராம். நடுக்கடலில் புயல், தப்பி ரோம் வந்தவர் நோயில் விழுந்தார். 'இதை ஓர் ஆலயத்தில் சேர்த்துவிடு' என்று நண்பரிடம் கேட்டுக்கொண்டு இறந்தார். நண்பரின் மனைவிக்குப் படத்தைக் கொடுக்க மனமில்லை. கடைசியில் மாதா அந்த வீட்டுச் சிறுமிக்குத் தோன்றி, தம் பெயரே 'இடைவிடா சகாய மரியா' என்று அறிவித்து, மரியன்னைப் பெருங்கோவிலுக்கும் லாத்தரன் பேராலயத்துக்கும் நடுவே படத்தை வைக்கச் சொன்னாராம். முன்பு படத்தின் அருகே தொங்கிய பழைய ஏடு சொல்லும் கதை இது. திருடியவர் வழியாகவே அன்னை ரோம் வந்துசேர்ந்தார் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த இடம்.

படம் 1499 மார்ச் 27 அன்று புனித மத்தேயு ஆலயத்தில் வைக்கப்பட்டது என்பது மரபு. பிரெஞ்சுப் படை ரோமைப் பிடித்த 1798-ல் அந்த ஆலயம் இடிபட்டது. அகுஸ்தீனார் சபைத் துறவிகள் படத்தைத் தங்களுடன் கொண்டுபோனார்கள். பிறகு அது ஏறக்குறைய மறந்தே போயிற்று. அந்த இடத்தை வாங்கிய ரிடெம்ப்டரிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் மிக்கேல் மார்க்கி என்ற குரு இருந்தார். சிறுவயதில், வயதான துறவி ஒருவர் அந்தப் படத்தைக் காட்டி 'இதை மறந்துவிடாதே' என்று சொன்னது அவருக்கு நினைவிருந்தது. திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் படத்தை அந்தச் சபையிடம் ஒப்படைத்தார். 1866 ஏப்ரல் 26 முதல் அது அவர்கள் அங்கே கட்டிய புனித அல்போன்சு ஆலயத்தில் இருக்கிறது. அந்தச் சபையினர் போன நாடெங்கும் படத்தின் பிரதி போயிற்று, கூடவே நவநாள் என்ற வேண்டுதல் வழிபாடும். மணிலாவின் பக்லாரனிலும் மும்பையின் மாகிமிலும் புதன்கிழமை என்றால் கூட்டம் நெரியும். திருவிழா ஜூன் 27.

சரி, முழுத் தமிழில் எப்படிச் சொல்வது? 'உதவி' பொருந்தும், ஆனால் அது ஒருமுறை செய்துவிட்டுப் போவதாகவும் இருக்கலாம். 'துணை' அப்படியல்ல, உடன் இருப்பது. கடிதத் தலைப்பில் 'முருகன் துணை' என்றும் வண்டியில் 'மாதா துணை' என்றும் எழுதுகிற வழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. அதனால் 'இடையறாத் துணை அன்னை' என்பதே என் தேர்வு. ஆனால் சகாயமேரி, சகாயராஜ் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்துப் பழகிய ஊர்களில் 'சகாய மாதா' மாறப்போவதில்லை. மாற வேண்டிய தேவையும் இல்லை.