டர்போசார்ஜர்: இதில் ‘மின்’ எங்கிருந்து வந்தது?

“பழைய டாட்ஜ் பிக்கப்பின் சுழலி மின்னேற்றியைத் தரமுயர்த்துவது எப்படி?” என்று ஒரு காணொளிக்குத் தமிழில் தலைப்பு போட்டிருந்தார்கள். டர்போசார்ஜருக்குத் தமிழ் என்று சொல்லப்படும் இந்த ‘சுழலி மின்னேற்றி’ என் கண்ணில் படுவது இது எத்தனையாவது தடவை என்று எண்ணவே இல்லை, அவ்வளவு பரவிவிட்டது. ஆனால் போன வாரம் அக்கா மகன் அதைப் பார்த்துவிட்டு, “மாமா, இது டீசல் வண்டிதானே, பேட்டரிக்கு எதுக்கு இவ்வளவு பெரிய சார்ஜர்?” என்று கேட்டபோதுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பையன் இயந்திரவியல் முதலாம் ஆண்டு. அவன் மேல் தப்பே இல்லை. தமிழில் எழுதியிருந்ததைத் தமிழாகவே படித்திருக்கிறான், தப்பாகப் புரிந்தது அதனால்தான்.

சொல்லின் பிறப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘டர்போ’ என்றால் பம்பரம், சூறைக்காற்று என்றும் பொருள். அதிலிருந்து 1822 வாக்கில் பிரெஞ்சுப் பொறியாளர் குளோத் புர்தேன் ‘டர்பைன்’ என்ற சொல்லை உண்டாக்கினார். ‘சார்ஜ்’ என்பதோ வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த பழைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. கப்பலில் ஏற்றும் ‘கார்கோ’வும் இதே குடும்பம்தான். பீரங்கிக்குள் மருந்து கெட்டிப்பதும் சார்ஜ், பிற்பாடு மின்கலத்தில் மின்சாரம் ஏற்றுவதும் சார்ஜ், எஞ்சின் சிலிண்டருக்குள் ஒரு சுற்றுக்கு நிரம்பும் புதுக்காற்றும் சார்ஜ்தான். நம் வீட்டில் தினமும் புழங்குவது செல்போன் சார்ஜர் என்பதால், மொழிபெயர்ப்பவர் வேறு யோசனையே இல்லாமல் ‘மின்’னைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்.

இதில் பாதி சரி என்பதுதான் எனக்கு வருத்தம். ‘ஏற்றி’ அருமையான சொல். வண்டியில் பாரம் ஏற்றுகிறோம், லாரியில் சரக்கு ஏற்றுகிறோம். லத்தீன் மூலத்தில் இருந்த அதே ஏற்றுதல். முன்னால் வரும் ‘மின்’தான் பொய். டர்போவில் நடப்பது இவ்வளவுதான்: எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள் ஏற்றுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும் பம்பரம் அது. மின்சாரம் எங்கே இருக்கிறது?

‘மின்னேற்றி’யாவது கவனக்குறைவு. அதைவிட எனக்கு ஆகாதது, டர்போசார்ஜருக்கே வைத்த இன்னொரு பெயரான ‘சுழலூக்கி’. நன்றாகத் தமிழ் தெரிந்தவர்களே எழுதுகிறார்கள், காதுக்கும் நன்றாக இருக்கிறது, அதனாலேயே நிலைத்துவிடும் போலிருக்கிறது. ஊக்கி என்றதும் தமிழ் மாணவனுக்கு நினைவு வருவது வினையூக்கி. தான் செலவாகாமல் பக்கத்தில் நின்று ஒரு வினையை விரைவுபடுத்தும் பொருள். அப்புறம் வளர்ச்சி ஊக்கி, ஊக்கமருந்து. எல்லாவற்றிலும், உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத் தூண்டிவிடுவது என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டர்போ எதையும் தூண்டுவதில்லை. இல்லாத காற்றைக் கொண்டுவந்து நிரப்புகிறது. டீசல் எஞ்சினில் சக்தி எரிபொருளிலிருந்து வருகிறது, அந்த எரிபொருள் முழுசாக எரியக் காற்று வேண்டும், அந்தக் காற்றைத்தான் இது கொடுக்கிறது. இதைச் சொல்லாத பெயர் எவ்வளவு இனிமையாக இருந்து என்ன பயன்?

சொல் தப்பானால் வேலையும் தப்பாகும் என்பதற்கு அந்தப் பழைய டாட்ஜ் வண்டிகளே போதும். அமெரிக்காவில் 1989 மாடலில் டாட்ஜ் ராம் பிக்கப்புக்குள் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். 160 குதிரைத்திறன். ‘பன்னிரண்டு வால்வு’ என்று அந்த ஊர்க்காரர்கள் செல்லமாகச் சொல்வது இந்த எஞ்சின் 1998 வரை வந்த வடிவத்தைத்தான். 1994 மாடல் முதல் வந்தவற்றில் போஷ் பி7100 என்ற எரிபொருள் பம்ப். முழுக்க இயந்திர முறை, கணினி கிடையாது, உள்ளே ஒரு சின்னத் தகட்டை மாற்றினாலே எரிபொருள் தாராளமாகப் பாயும். ஆகவே எல்லாரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். உடனே வண்டி கரும்புகை கக்கும். எரியக் காற்றில்லாத எரிபொருள் அது. பாரம் இழுத்து மேடேறும்போது புகையின் சூடு கிடுகிடுவென்று ஏறும். 1,250 பாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 675 செல்சியஸுக்கு மேல், நெடுநேரம் ஓட்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து என்பது அவர்களிடையே பொதுக்கணக்கு. அந்த இடத்தில்தான் பெரிய டர்போ தேவைப்படுகிறது, கூடுதல் காற்றுக்காக.

இதையே தலைகீழாகச் செய்து பாருங்கள். எரிபொருளைத் தொடாமல், ஊக்கிதானே என்று நம்பிப் பெரிய டர்போவை மட்டும் மாட்டினால், பெரிய சக்கரத்தைச் சுழற்றப் புகை போதாது, சிக்னலில் கிளம்பும்போது வண்டி முன்பைவிட மந்தமாக இருக்கும். ‘ஊக்கி’ என்று படித்தவனுக்கு இது புரியவே புரியாது. ‘காற்றேற்றி’ என்று படித்தவனுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆமாம், நான் சொல்லும் சொல் காற்றேற்றி. முழுப்பெயர் வேண்டுமென்றால் சுழலிக் காற்றேற்றி. டர்பைனுக்கு ‘விசையாழி’ என்ற நல்ல சொல்லும் உண்டு, அணைக்கட்டு மின்நிலையத்துக்கு அது பொருந்தும். உள்ளங்கையில் அடங்கும் சக்கரத்துக்குச் சுழலி போதும். எஞ்சின் தண்டிலிருந்து வார் போட்டு ஓட்டும் சூப்பர்சார்ஜரை ‘வார்க் காற்றேற்றி’ என்று சொல்லிவிடலாம். ‘சூப்பர்’ என்பதற்கு ஈடான ‘மிகை’ எங்கே என்று சிலர் கேட்பார்கள். ஆரம்பத்தில் இதன் பெயரே டர்போசூப்பர்சார்ஜர்தான், ஆங்கிலத்திலேயே நடுவில் இருந்ததை உதிர்த்துவிட்டார்கள், நாம் எதற்குச் சுமக்க வேண்டும்? டயருக்குக் காற்று அடிக்கும் பம்போடு குழம்பாதா என்றும் கேட்கலாம். டயருக்கு நாம் காற்று ‘அடிக்கிறோம்’, ‘பிடிக்கிறோம்’; அந்த வினை வேறு.

வரலாறும் என் பக்கம்தான். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பூகி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1918-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றில் இதைப் பொருத்தி, அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பைக்ஸ் பீக் சிகரத்துக்கே கொண்டுபோய், 14,000 அடி உயரத்தில் ஓட்டிப் பார்த்தார். ஏன் மலை ஏற வேண்டும்? அங்கே காற்று மெலிவு. மெலிந்த காற்றை அழுத்திக் கீழே இருக்கிற அளவுக்கு நிரப்ப முடியுமா என்பதுதான் சோதனை. முடிந்தது.

‘தரமுயர்த்துவது’ பற்றியும் ஒரு வார்த்தை. 1994 முதலான அந்தப் பிக்கப்புகளில் கம்பெனியே போட்டுத் தந்த ஹோல்செட் எச்எக்ஸ்35 டர்போ தரம் குறைந்த பொருள் இல்லை. அன்றைய எரிபொருள் அளவுக்கு அது சரியான பொருத்தம், அவ்வளவுதான். பலர் அதைக் கழற்றிவிட்டு 2004-க்குப் பின் வந்த வண்டிகளின் எச்இ351 டர்போவை மாட்டுகிறார்கள். காற்றை உள்ளிழுக்கும் சக்கரத்தின் வாய் 54 மில்லிமீட்டரிலிருந்து 60 ஆகிறது. அளவு மாறுகிறது, எண்ணெய்க் குழாயும் புகைக் குழாயும் அதற்கேற்ப மாறுகின்றன. இதில் தரம் எங்கே உயர்ந்தது? ‘பெரிய டர்போ போடுவது’ என்று எழுதினால் யாருக்குப் புரியாது? எல்லா அப்கிரேடுக்கும் ஒரே சொல்லை அச்சாகக் குத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது, மென்பொருளுக்கும் அதே, மிக்சிக்கும் அதே.

டர்போவில் இருக்கும் வேஸ்ட்கேட்டைக் ‘கழிவு வாயில்’ ஆக்கியதும் இதே கைதான். சாக்கடை வாய் என்றுதான் அது காதில் விழுகிறது. சக்கரம் அளவு மீறிச் சுழலாதபடி கொஞ்சம் புகையை வேறு வழியாகத் திருப்பிவிடும் சின்னக் கதவு அது. ‘விலக்குக் கதவு’ என்று சொல்லிப் பாருங்கள், வேலை கண்முன் வரும். அழுத்தியதில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு வைத்த ‘இடைக்குளிர்ப்பி’ மட்டும் யாரோ யோசித்துச் செய்த சொல், அதில் கை வைக்க வேண்டாம்.

பட்டறையில் ‘டர்போ’ என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. என் சண்டை எழுத்தில் வரும் தப்பான தமிழோடு. அந்தக் காணொளியின் தலைப்பை அக்கா மகனுக்கு ஒரு தாளில் திருப்பி எழுதிக் காட்டினேன்: “பழைய டாட்ஜ் பிக்கப்பில் பெரிய காற்றேற்றி பொருத்துவது எப்படி?” படித்துவிட்டு, “அப்போ எரிபொருளையும் கூட்டணுமே மாமா?” என்றான்.